தேடாது விட்ட வனம்

மலரில் ஏதேனும் ஒரு பாடம் எழுதித் தருமாறு விழாக் குழுவினர் கேட்டனர். பாடசாலையில் கற்ற பெரிய தத்துவ விசாரம் எதனையும் ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை. ஸந்நிதியில் நின்று முப்பது ஆண்டுகளாகக் காதில் விழுந்துவரும் ஒரு வினாவையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அர்ச்சனைத் தட்டை நீட்டிப் பெயரும் நக்ஷத்திரமும் சொல்லி முடித்த பின்பு ஸேவார்த்திகள் சிலர் சற்றே தயங்கி நிற்பர். பின்னால் நிற்பவர் காதில் விழாதபடி, "ஸ்வாமி, தொழில் கவிழ்ந்துவிட்டது. நான் யாருக்கு என்ன தீங்கு செய்தேன்?" என்பர். கடை வைத்திருப்பவர் கேட்பார். நெல் வியாபாரத்தில் முதல் போட்டவர் கேட்பார். ராணிப்பேட்டைக்கோ மேல்விஷாரத்திற்கோ நாள்தோறும் வேலைக்குச் சென்று, ஒரு காலை வாயிற்கதவு பூட்டியிருக்கக் கண்டு திரும்பிய தொழிலாளியும் கேட்பார். இவ்வினாவை எவ்வாறு எதிர்கொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அடியேன் செய்த பிழை

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது 1996-ஆம் ஆண்டின் இறுதி. பாடசாலைப் படிப்பை முடித்துத் தகப்பனாருக்கு உதவியாகக் கைங்கர்யத்தில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒரு சனிக்கிழமை மாலை நடுத்தர வயதினர் ஒருவர் வந்தார். பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் சிறிய தோல் பதனிடும் கூடத்தை வாடகைக்கு எடுத்து நடத்தி வந்தவர். நீதிமன்றத்தின் ஆணைப்படி கூடம் மூடப்பட்டுவிட்டது. பதினொரு தொழிலாளர்களுக்குக் கூலி பாக்கி, வெளியிலும் கடன். "பெரிய பரிகாரமாக ஏதேனும் சொல்லுங்கள் சாமி. வட்டிக்கு வாங்கியாவது செய்துவிடுகிறேன்" என்றார்.

படித்த படிப்பின் சூடு நாவில் ஆறாதிருந்த காலம் அது. "இஃது உம்முடைய பிராரப்தம்; அநுபவித்தே தீர வேண்டும்" என்று சொல்லி, ஸ்ரீசடகோபம் ஸாதித்து அனுப்பிவிட்டேன். அவர் மறுபேச்சின்றித் தலைகவிழ்ந்து சென்றார்.

உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த தகப்பனார் அன்றிரவு என்னை அழைத்தார். "பிராரப்தம் என்பது உனக்கு வந்த துன்பத்தை நீ பொறுத்துக்கொள்வதற்காகச் சாஸ்திரம் தந்த சொல். பிறனுக்கு வந்ததைப் பார்த்து நீ சொல்வதற்காகத் தந்தது அன்று. பசித்து வந்தவனுக்கு ஏகாதசியின் பெருமையைச் சொல்லி அனுப்பியிருக்கிறாய்" என்றார். மறுநாள் விடியற்காலையில் அவருடைய ஊருக்கு என்னைப் பேருந்தில் அனுப்பி, அவரை அழைத்து வரவும் செய்தார். திண்ணையில் அமர்த்தி மோர் கொடுத்தார். பரிகாரம் ஒன்றும் சொல்லவில்லை. ஸுந்தரகாண்டத்தில் ஒரு கட்டத்தை மட்டும் கதையாகச் சொன்னார்.

சிறிய திருவடி கலங்கிய இரவு

அநுமான் கடலைத் தாண்டியதை நாம் எல்லோரும் அறிவோம். தாண்டிய பின் இலங்கையில் அவர் கலங்கியதை நினைவிற்கொள்பவர் சிலரே. மாளிகைகள் அனைத்திலும் தேடினார். புஷ்பக விமானத்தைக் கண்டார். அந்தப்புரத்தில் மண்டோதரியைக் கண்டு, இவளே பிராட்டி என்று ஒரு கணம் மயங்கி மகிழ்ந்து, பின் தம் பிழையை உணர்ந்தார். பானசாலையையும் விட்டுவைக்கவில்லை. பிராட்டியைக் காணவில்லை.

மனம் சோர்ந்தபோது தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார். சோர்வடையாமையை வடமொழியில் அநிர்வேதம் என்பர். அதுவே எல்லா நலத்திற்கும் அடிப்படை என்று தெளிந்து, பார்த்த இடங்களையே மறுபடியும் பார்த்தார். மீண்டும் தோல்வி. இம்முறை வந்த துயரம் முன்னதைவிடக் கொடியது. வெறுங்கையோடு திரும்பினால் இராமபிரான் உயிர் தரியார். அவரைத் தொடர்ந்து இளையபெருமாளும், பரத சத்துருக்நரும், தாய்மாரும், ஸுக்ரீவனும், வாநரரும் மாள்வர் என்று ஒன்றன்பின் ஒன்றாக எண்ணி, திரும்பாமல் இருந்துவிடுவோம் அல்லது உயிரை விட்டுவிடுவோம் என்னும் எல்லை வரை சென்றுவிட்டார். ஆயினும், மாய்வதில் குற்றங்கள் பல உள. உயிரோடிருப்பவனுக்கு நன்மை ஒருநாள் எதிர்ப்படக்கூடும் என்று தம் எண்ணத்தை மீட்டுக்கொண்டார். அதன்பின்னரே அசோகவனம் அவர் கண்ணில் பட்டது. இவ்வளவு தேடியும், அந்த வனத்தை மட்டும் அவர் தேடவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவருடைய ஆற்றல் குறைந்துவிடவில்லை. காலமும் தெய்வமும் அவருக்குப் பகையாகிவிடவும் இல்லை. தேடிய இடங்களின் வரிசையில் ஓர் இடம் விட்டுப் போயிருந்தது, அவ்வளவே. "இனி என் கதி என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்த வரையில் துயரம் வளர்ந்தது. "நான் இன்னும் பார்க்காத இடம் எது?" என்று வினா மாறியவுடன் வழி பிறந்தது. பார்த்த இடத்தையே இருமுறை பார்ப்பதும் முயற்சிதான். ஆனால் பார்க்காத இடத்தைப் பார்ப்பதே பயன் தந்தது.

தகப்பனார் இவ்வளவும் சொல்லிவிட்டு, "அப்பனே, உன் தொழிலில் நீ தேடாமல் விட்ட வனம் எது?" என்று கேட்டார். அவர் நெடுநேரம் பேசவில்லை. அவர் பின்னர் தந்த விடையின் பொருள் விளங்க, அத்தொழிலின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

பாலாற்றங்கரை கற்ற பாடம்

கோயில் மலரில் தோல் தொழிலைப் பற்றியா என்று எவரும் முகம் சுளிக்க வேண்டா. பெருமாள் புறப்பாட்டில் முழங்கும் மேளத்தின் இருபுறமும் தோலே. திருமலை அடிவாரமான அலிபிரியில் அடியார்கள் எம்பெருமானின் பாதுகைகளைத் தலையிற் சுமந்து வலம் வருகின்றனர். ஸ்வாமி தேசிகன் அரங்கனுடைய திருவடிநிலைகள்மீது 1,008 சுலோகங்கள் கொண்ட பாதுகா ஸஹஸ்ரத்தையே அருளிச்செய்தார். ஆதலின் காலணி செய்யும் கையைத் தாழ்ந்தது என்று நினைப்பவன் பாதுகையின் பெருமையை அறியாதவன்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் பிழைப்பு, ஒன்றன்பின் ஒன்றாக வந்த இடர்களால் உருமாறி வந்த பிழைப்பு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பல நாட்கள் ஊறவைத்துப் பதனிட்ட தோலே முன்னாளில் இங்கிருந்து கப்பலேறியது. அரைகுறையாகப் பதனிட்ட தோலை அயல்நாடுகள் வாங்கி, முடித்த பொருளாக்கி இலாபம் கண்டன. 1972-இல் ஸீதாராமையா குழு ஆராய்ந்து தந்த பரிந்துரையை ஒட்டி, 1973 முதல் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. தொழில் முடிந்தது என்று அஞ்சியவர் பலர். ஆனால் அக்கட்டுப்பாடே, முழுமையாக முடித்த தோலையும், அதன்பின் மேல்தோல், காலணி முதலியவற்றையும் இங்கேயே செய்யும் நிலைக்கு இவ்வூர்களைக் கொண்டு சென்றது. இன்று நம் பக்கத்துப் பெண்கள் காலணித் தொழிற்சாலைகளில் தையல் வேலை பார்த்து வீட்டைத் தாங்குகின்றனர் என்றால், அதன் வேர்களில் ஒன்று அன்று வந்த அத்தடை.

அடுத்தது 1989 டிசம்பர். தோலில் பூஞ்சணம் பிடியாதிருக்கப் பயன்பட்ட பென்ட்டாகுளோரோபீனால் என்னும் மருந்து, ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் பொருளை ஜெர்மனி தடை செய்தது. அந்நாடு நம் தோலுக்குப் பெரிய சந்தை. இப்போதும் புலம்பல் எழுந்தது. ஆனால் 1948-இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தாரும் தொழில் நடத்துபவர்களும் மாற்று மருந்துகளைத் தேடினர், மருந்து மாறியது, ஏற்றுமதி நின்றுவிடவில்லை.

ஆனால் ஒரு வனத்தை மட்டும் ஒருவரும் தேடவில்லை. விரைவில் பதம் தரும் குரோம் முறை பரவியபோது, உப்பும் குரோமமும் கலந்த கழிவுநீர் எங்கே போகிறது என்று கணக்குப் பார்ப்பார் இல்லை. அது பாலாற்றுக்கும் நிலத்துக்கும் போயிற்று. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தார் 1991-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். 1996 ஆகஸ்டு 28 அன்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழில் நடைபெறும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்னும் வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துரைக்கிறது. மாசுபடுத்தியவனே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்றும், தீங்கு வருமுன் தடுக்க வேண்டும் என்றும் அது விதித்தது. ஒவ்வொரு தோல் கூடமும் 10,000 ரூபாய் அபராதம் செலுத்த வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு இல்லாதவை மூடப்பட வேண்டும் என்பதும் ஆணை.

கணக்கில் எழுதாத வரி

அன்று திண்ணையில் அமர்ந்திருந்தவர் இறுதியாகச் சொன்னதை அடியேன் மறக்கவில்லை. "சாமி, என் நோட்டுப் புத்தகத்தில் தோல் விலை, உப்பு, சுண்ணாம்பு, கூலி, வாடகை எல்லாம் எழுதுவேன். தண்ணீரை எழுதியதில்லை. உள்ளே வந்ததையும் எழுதவில்லை. வெளியே போனதையும் எழுதவில்லை. ஆற்றோரம் என் அத்தை வீட்டுக் கிணறு உப்பாகிவிட்டது. அந்த வீட்டில் எனக்கு மோர் கொடுக்கையில், தண்ணீர் தூரத்திலிருந்து வந்தது என்பார்கள். எனக்குத் தெரியும். தெரியாதவன் போல் குடித்துவிட்டு வருவேன்."

அதுவே அவர் தேடாது விட்ட வனம். தமக்கு வந்தது அநியாயமான தண்டனை என்று எண்ணியிருந்த வரையில், அவருக்குத் தெரிந்த வழி பரிகாரம் ஒன்றே. கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று உணர்ந்தபின், செய்யவேண்டியவை ஒவ்வொன்றாகத் தென்பட்டன. இருப்பிலிருந்த தோலையும் சொந்தமான இயந்திரங்களையும் விற்றார். பதினொருவர் கூலியை மூன்று தவணைகளில் தீர்த்தார். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த வேறொரு கூடத்தில் மேஸ்திரியாகச் சேர்ந்தார். முதலாளி மேஸ்திரியானதை ஊரார் வீழ்ச்சி என்றனர். பச்சைத் தோலைத் தண்ணீரில் போடுமுன் அதிலுள்ள உப்பை உதறி எடுப்பதும், குரோம நீரை மற்ற கழிவோடு கலக்கவிடாமல் தனியே பிரித்து மீட்பதும் அங்கே அவர் பொறுப்பு. சில ஆண்டுகளுக்குப் பின் மனைவியோடும் நான்கு பெண்களோடும் காலணி மேல்தோல் தைக்கும் சிறு கூடம் வைத்தார். முன்பிருந்த செல்வம் திரும்பவில்லை. அத்தை வீட்டுக் கிணறும் இனிக்கவில்லை. இவ்வுண்மையை மறைத்து, "மனத்தை மாற்றினால் யாவும் மீண்டு வரும்" என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் அவர் புரட்டாசிச் சனிக்கிழமைதோறும் தலைநிமிர்ந்து வந்து ஸேவித்தார்.

பாடத்தை அரைகுறையாகக் கற்றால் இடர் மறுபடியும் வரும் என்பதையும் இவ்வட்டாரமே காட்டுகிறது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்படப் பத்துப் பேர் சேற்றில் மூழ்கி மாண்டனர். 2025 ஜனவரி 30 அன்று பாலாற்றின் மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் கடுமையான ஆணைகளைப் பிறப்பிக்க வேண்டியதாயிற்று. சிலர் வனத்தைத் தேடினர். சிலர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினர் என்பதே இதன் பொருள்.

ஐந்து காரணங்களும் கூட்டுச் சொத்தும்

"என்மீது குற்றமே இல்லாமல் வந்த இடருக்கு என் சொல்வீர்?" என்று கேட்கலாம். நியாயமான வினா. 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது கடையை மூடியவன் என்ன பிழை செய்தான்? 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின்மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, ஆம்பூரில் காலணி தைத்த பெண் என்ன பாவம் செய்தாள்?

கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில், ஒரு செயல் நிறைவேறுவதற்கு ஐந்து காரணங்கள் கூறப்படுகின்றன. உடல், செய்கின்ற ஜீவன், மனத்தோடு கூடிய கருவிகள், பிராணன் முதலியவற்றின் இயக்கம், ஐந்தாவதாகத் தெய்வம். அதாவது உள்நின்று நடத்தும் பரமாத்மா என்று எம்பெருமானார் தம் பாஷ்யத்தில் பொருள் அருளினார். ஐவர் கூடிச் செய்ததில் ஒருவன் மட்டும் "நானே செய்தேன்" என்று மார்தட்டுவது அகங்காரம். இதை நாம் அறிவோம். ஆனால் நஷ்டம் வந்தபோது "எல்லாம் என்னால் கெட்டது" என்று தலையில் அடித்துக்கொள்வதும் அதே அகங்காரத்தின் மறுபுறமே என்பதை நாம் அறிவதில்லை. இலாபத்தை முழுவதும் தன் ஸாமர்த்தியம் என்று எழுதிக்கொண்டவனை, நஷ்டமும் முழுவதுமாக நசுக்கும். இலாபத்திலேயே பிறர் பங்கைக் கண்டவன் நஷ்டத்தில் நிலைகுலையான்.

அப்படியானால் முயற்சி எதற்கு என்பார்க்கு ஸ்ரீபாஷ்யத்தில் ஓர் உவமை உண்டு. இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவன் மூன்றாமவனுக்குக் கொடுக்க விரும்பினால் மற்றவனின் இசைவு வேண்டும். ஆயினும் அந்த இசைவைக் கேட்டுப் பெறுவது முன்னவன் செயலே. பயனும் அவனைச் சேரும். அவ்வாறே முதல் முயற்சி ஜீவனுடையது. அதற்கு அநுமதி தருபவன் எம்பெருமான். கூட்டு வியாபாரம் செய்தவர்களுக்கு இதைவிடத் தெளிவாக எவர் விளக்கவல்லார்? கையெழுத்திட வேண்டிய இடத்தில் நாம் இடாமல், பங்காளி இடவில்லை என்று குறை சொல்லலாகாது.

செய்யத்தக்கவை

இனி, பத்திரத்தில் எழுதிக்கொள்வதுபோல் சிலவற்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, இடரின் வகையைப் பிரித்தறிதல். என் பிழையால் வந்ததா, காலம் மாறியதால் வந்ததா, எவர் கையிலும் இல்லாததா? முதல்வகைக்குத் திருத்தம் வேண்டும். இரண்டாவதற்குப் புதிய கல்வி வேண்டும். மூன்றாவதற்கு ஒருவரையொருவர் தாங்குதல் வேண்டும். ஒன்றுக்கு உரிய மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் நோய் தீராது.

இரண்டாவது, வீட்டாரிடம் கணக்கை மறையாமை. கடனைவிட மறைத்த கடனே குடும்பத்தை உடைக்கிறது.

மூன்றாவது, உழைத்தவன் கூலியை முதலில் தீர்த்தல். பெரிய கடன்காரன் காத்திருப்பான். கூலிக்காரன் வீட்டு அடுப்பு காத்திராது.

நான்காவது, கடன் வாங்கிப் பரிகாரம் செய்யாதிருத்தல். அர்ச்சகனாகிய அடியேனே இதைச் சொல்கிறேன். பக்தியோடு ஸமர்ப்பிக்கும் ஒரு துளஸி தளத்தையும் உவந்து ஏற்பவன் எம்பெருமான். வட்டிக்கு வாங்கிய பொருளால் அவனை மகிழ்விக்கலாம் என்பது அவனை அறியாதவர் பேச்சு.

ஐந்தாவது, கலங்கியவனைத் தனியே விடாதிருத்தல். சிறிய திருவடிக்கே உயிரை விடும் எண்ணம் வந்தது என்றால், நம் அண்டை வீட்டானுக்கு வருவது வியப்பன்று. அவரோ தனியே நின்று தம்மை மீட்டுக்கொண்டார். எல்லோரும் அநுமான் அல்லர். "பிராரப்தம்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர். பக்கத்தில் அமருங்கள், மோர் கொடுங்கள், பேசவிடுங்கள். அந்தப் பிழையை அடியேன் ஒருமுறை செய்தேன். பேருந்து ஏறிச் சென்று திருத்திக்கொள்ள ஒரு தகப்பனார் எனக்கு வாய்த்தார்.

உத்ஸவம் முடிந்து ஊர் திரும்பும் ஸேவார்த்திகள் தம்தம் கடையையும் களத்தையும் கூடத்தையும் மறுபடியும் திறப்பர். வியாபாரம் நன்றாக நடக்கும் நாளிலேயே கணக்குப் புத்தகத்தை ஒருமுறை புரட்டி, எழுதாது விட்ட வரி ஏதேனும் உண்டா என்று பாருங்கள். இடர் வந்து காட்டுமுன் நாமே கண்டுகொள்வது மேல். அவ்வாறு காணும் கண்ணை நம் ஊர்ப் பெருமாள் எல்லோர்க்கும் அருள வேண்டும் என்று ஸந்நிதியில் பிரார்த்திக்கிறேன்.

சுபம்.